கவுனுக்கு வைத்த மஞ்சள்

எங்கள் ஊரில் உடுப்புக்கு வேலைக்காரராக இருக்கும் குடும்பங்கள் உண்டு. கடல் காற்றில் உப்புப் பூத்து, சித்திரை வெயிலில் சுவர் கொதிக்கும் புதுச்சேரியில், கனத்த கம்பளிக் கோட்டு ஒன்றைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, அந்துப்பூச்சி அரிக்குமோ, பூஞ்சணம் பிடிக்குமோ என்று வருஷம் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாளான ஜூலை பதினாலாம் தேதி அணிவகுப்புப் பார்க்க அதைப் போடுவார்கள். ஆவியில் வைத்த கொழுக்கட்டை மாதிரி உள்ளே வெந்துவிட்டு வீடு திரும்பி, கோட்டைக் கழற்றி, மாடிக் கைப்பிடிச் சுவரில் தெருவைப் பார்க்க விரிப்பார்கள். காற்றாடவாம். பின்பக்கம் காற்று வராதா என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் என் தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தது.

நாங்கள் ரொட்டி சுடுகிற குடும்பம். கடை வேறொருவருடையது, அடுப்பு வெக்கை மட்டும் எங்களுக்குச் சொந்தம். அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் குளித்துவிட்டு வந்தாலும் காது மடலில் மாவு வெள்ளை தெரியும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போய் பிரெவே பரீட்சை தேறியவன் நான் ஒருவன்தான். பிரெஞ்சு பேசுவேன், எழுதுவேன். அதனால் காய்ச்சலுக்கு எந்தக் கஷாயம் என்பதிலிருந்து கூரை எந்த ஓட்டில் ஒழுகுகிறது என்பது வரை எல்லாம் என் தலையில்தான் விழும். "படிச்சவன் சொல்லட்டும்" என்பார் அப்பா. சொல்வேன். யாரும் கேட்க மாட்டார்கள்.

மாப்பிள்ளைக்குச் சைகோனில் துறைமுகக் கச்சேரியில் குமாஸ்தா வேலை. அவன் அம்மாவை ஊரே "மதாம்" என்றது. கணவரோடு சைகோனில் பல வருஷம் இருந்து, அவர் தவறிய பிறகு பென்ஷனோடும் பெட்டிகளோடும் திரும்பியவர். வெள்ளைக்காரர் வீதிகளையும் எங்கள் பக்கத்தையும் பிரிக்கிற சாக்கடைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம்தான் அவர் வீடு. ஆனால் மாடியில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் தெரியும். அந்தக் காட்சியை நம்பித்தான் அவர் காலந்தள்ளினார்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை தன் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அதன் மயிர் ஒரே பக்கமாகப் படியும்படி விரலால் நீவிக்கொண்டே இருந்தான். பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறானோ என்று எங்கள் அம்மா எட்டிப் பார்த்தார். அந்தத் தொப்பியிடம் காட்டிய அக்கறையில் கால்வாசி என் தங்கையிடம் காட்டியிருந்தால் அவனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதியிருப்பேன். தங்கைக்கு என்னவோ அவனைப் பிடித்துவிட்டது. "கை நகமெல்லாம் சுத்தமா வெச்சிருக்காரு. கத்திப் பேசல. இது போதாதா?" என்றாள். போதாது என்றேன். "உன்ன யாரு கட்டிக்கச் சொன்னா?" என்றாள்.

கோயிலில் மூன்று வாரமும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்றாவது முறை கேட்டார், யாரும் சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து, அடுத்த திங்கட்கிழமை கல்யாணம். மூன்றாவது ஓலை வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பெட்டி வந்தது. ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் பெட்டி முன்னால் தனியாக வர, மதாம் பின்னால் இன்னொரு வண்டியில் வந்தார். பெட்டியோடு ஒரே வண்டியில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பது கசங்குமாம்.

உள்ளே இருந்தது கல்யாணக் கவுன். அவர் அதை "ரோப்" என்பார். மூத்த மகள் கல்யாணத்துக்கென்று சைகோனில் இருந்தபோது புதிதாக வாங்கியது. அவள் ஒருத்திதான் ஒரு முறை உடுத்தியிருந்தாள். அடுத்து என் தங்கை. அதற்கடுத்து மதாமின் இளைய மகள். இப்படி ஒரு கவுனைச் சுற்றிக் கல்யாணங்களை அடுக்கி வைத்திருந்தார்.

பாயில் வெள்ளைத் துணி விரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்கு ஞானோபதேசம் நடத்தினார்.

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு கொணம் இருக்குது, சம்பந்தி. நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் ஒரே தொட்டியில ஊற வெச்சிடாதீங்க. இது ரோப்பு. சாட்டின் பட்டு. தண்ணி படக் கூடாது. வெயிலு படவே கூடாது, நூலு மக்கிடும். கறுப்புக் காயிதத்துல சுத்தித்தான் வெக்கணும். வேப்பிலை கீப்பிலை போட்டுடப் போறீங்க, பச்சையா எறங்கிடும். பாச்சை உருண்ட போட்டிருக்கேன், அது போதும்."

அம்மா தலையாட்டினார்.

"இது கையுறை. ஆட்டுக்குட்டித் தோலு. வெறுங்கையால தொடாதீங்க. அழுக்குப் பட்டா ரொட்டிய உதுத்துப் போட்டு மெதுவாத் தேய்க்கணும்."

"ரொட்டியா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாம திங்கறதா மதாம்?"

"மேல் தோல எடுத்துட்டு, உள்ள இருக்குற வெள்ளைய மட்டும். நேத்து ரொட்டி. இன்னைக்கு ரொட்டின்னா ஒட்டிக்கும்." அப்பாவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஒரு செலவும் இல்ல பாருங்க" என்றார்.

அப்பா அதைப் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டு கை கூப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலையில் கிரீடமாக வைக்கும் முடி மெழுகுப் பூவால் செய்தது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. செபமாலை முத்துச்சிப்பியில் செய்தது; புளி, எலுமிச்சை, காடி எதுவும் அதன் மேல் தெறிக்கக் கூடாது. சப்பாத்துக்கு மேலே சாட்டின் துணி, அடியில் தோல். எண்ணெய் காட்டக் கூடாது. முக்காட்டு வலையை மடிக்கவே கூடாது, சுருட்டத்தான் வேண்டும். கடைசியில் எழுந்து நின்றுகொண்டு சொன்னார்:

"வந்தது வந்தபடி எனக்குத் திரும்பணும். வியாழக்கிழமை வந்து பொண்ணுக்குப் போட்டுப் பாப்பேன். அதுல ஒரு கறை இருந்தா, இப்பவே சொல்லிட்டேன், திங்கக்கிழமை என் புள்ள கோயில் படி ஏற மாட்டான்."

"அதுக்கென்னாங்க" என்றார் அப்பா. "எங்க புள்ள பிரெவே. அவன் பாத்துக்குவான்."

மதாம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்பிடியா முசியே? கைய காட்டுங்க."

காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். பிரெவே பரீட்சையில்கூட என்னை யாரும் அப்படிக் கேவலமாகத் தேற்றவில்லை.

வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஓலை மூன்று முறை வாசித்த பிறகு மாப்பிள்ளை வராமல் போனால், தடை என்னவாக இருக்கும் என்று ஊர் தானாகவே யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டு ஒருவரும் வாசலுக்கு வர மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதுக்குப் பிறகும் கோயிலில் பின்வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உட்காருவாள். என் தங்கையின் தலைவிதி ஒரு சாட்டின் துணியின் அடிமடிப்பில் தொங்கியது. இதைவிடக் கேவலமான ஏற்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

ஆனாலும் பொறுப்பு என்று கொடுத்துவிட்டார்களே. செய்தேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மரப் பீரோவைக் காலி பண்ணி, துணிமணிகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டுக் கவுனுக்கு இடம் கொடுத்தோம். பீரோவின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். மெழுகுப்பூ முடிக்குக் குளிர்ச்சியான இடம் வீட்டில் குடிதண்ணீர்ப் பானை மேல்மூடி ஒன்றுதான். அதன்மேல் தட்டு வைத்து முடியை வைத்தோம். தண்ணீர் மொள்ள வேண்டுமென்றால் முதலில் முடியை எடுத்துக் கீழே வைக்க வேண்டும். "பானைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கான் எங்க அண்ணன்" என்று தங்கை தெருப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். கையுறையின் கட்டைவிரலில் புகை நிறத்தில் ஓர் அழுக்கு ஏற்கெனவே இருந்தது. அதற்காக அப்பா கடையிலிருந்து நேற்றைய ரொட்டி கொண்டுவந்தார். கீழே சிந்திய தூளைக்கூட அம்மா கோழிக்குப் போடவில்லை. மறுநாளைக்கு வேண்டியிருக்குமே என்று கிண்ணத்தில் அள்ளி வைத்தார். நாங்கள் பழைய சோறு தின்றோம். கையுறை ரொட்டி தின்றது.

செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்து, கறுப்புக் காகிதத்தை விலக்கி, ஓரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கவுனின் பின்புறம், அடிமடிப்புக்கு உள்ளே, மஞ்சளாக ஏதோ இருந்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அரிசி நீளத்தில் ஒரு கோடு, அதன் குறுக்கே இன்னொரு கோடு. சின்னச் சிலுவை.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கோடித் துணி எது வந்தாலும் உடுத்துவதற்கு முன்னால் அம்மா ஒரு மூலையில் மஞ்சள் வைத்துவிடுவார். இந்துக்கள் பொட்டாக வைப்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள் அல்லவா, அதனால் அதே மஞ்சளைச் சிலுவையாக வைப்போம். சேசுநாதரையும் மஞ்சள்கிழங்கையும் ஒரே விரலால் சமாதானப்படுத்துகிற வித்தை அது. என் பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்தச் சிலுவை இருந்தது. அதைப் பார்த்து மற்ற பையன்கள் பண்ணிய கேலியை நான் மறக்கவில்லை.

"அம்மா! யாரு இதுல மஞ்சள் வெச்சது?"

"நாந்தான். ஏன், கோடித் துணிய வெறுமனேவா புள்ள ஒடம்புல போடறது?"

"இது கோடி இல்ல. அந்த வூட்டுப் பொண்ணு ஏற்கெனவே போட்டது."

"நம்ம வூட்டுக்குக் கோடிதானே. உள்பக்கமாத்தான் வெச்சிருக்கேன். யாரு தூக்கிப் பாக்கப் போறா?"

"அந்தப் பொம்பள தூக்கிப் பாக்காம வேற என்னாத்துக்கு வர்றா? உனக்கு அறிவு எங்க இருக்குது?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். மஞ்சளையும் சாம்பிராணியையும் கட்டிக்கொண்டு அழுகிற ஜனங்களைப் பற்றி, நான் படித்த படிப்பைப் பற்றி, எல்லாம். அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நான் வெளியே போயிருந்த நேரத்தில் அம்மா அதைச் சரிப்படுத்திவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில். துணிச் சவுக்காரத்தைத் தண்ணீரில் தொட்டு, மடிப்பைப் பிடித்துக்கொண்டு, அழுத்தித் தேய்த்துவிட்டார். நான் வந்தபோது கவுனை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. ரத்தமெல்லாம் கவுனில் இருந்தது. மஞ்சள் மேல் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது அரைத்துப் பூசுகிற பெண்பிள்ளைகள் யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பயம் வந்தவருக்கு என்ன தெரியும்? உள்ளே யார் கண்ணுக்கும் படாமல் இருந்த சிலுவை ஈரத்தில் ஊறி, மேல் துணிக்கும் வந்து, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமச் சிவப்பாகப் படர்ந்திருந்தது. அதுவும் பின்புறம்.

"நீ கத்தாம இருந்திருந்தா அது உள்ளயே இருந்திருக்கும்" என்றாள் தங்கை என்னிடம். அவள் கண் சிவந்திருந்தது. பயந்தவர்கள் பழிபோட ஆள் தேடுவார்கள், நான் கண்டுகொள்ளவில்லை.

வியாழக்கிழமை மதாம் வந்தார். மாப்பிள்ளை வரவில்லை, வெயிலுக்குத் தொப்பி வெளுத்துவிடும் என்று வீட்டில் இருந்திருப்பான். அப்பா வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதாம் முதலில் கையுறையை முகர்ந்து பார்த்தார். செபமாலையை எண்ணினார். பானையிலிருந்து முடியை எடுத்து வந்தபோது "நல்ல யோசன" என்று எனக்கு ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தார். பிறகு கவுனை விரித்தார்.

"மோன் தியே!"

கடவுளைப் பிரெஞ்சில் கூப்பிட்டபடியே உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் தெருவுக்குக் கேட்கும்படியாக, "சம்பந்தி, என்னா இது? பொண்ணு ஒடம்புக்கு என்னா? போட்டுக்கினு எங்க போனா?" என்றார்.

என் தங்கை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அப்பாவின் காது மடல் மாவையும் மீறிக் கறுத்தது.

இங்கேதான் படிப்பு பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சமையல்கட்டிலிருந்து ஒரு எலுமிச்சை மூடியைக் கொண்டுவந்தேன்.

"மதாம், இது ரத்தம் இல்ல. ரத்தமா இருந்தா எலுமிச்சைக்கு நெறம் மாறாது. பாருங்க."

சாற்றை விரலில் தொட்டுச் சிவப்பின் ஓரத்தில் வைத்தேன். வைத்த இடம் கண்ணெதிரே மஞ்சளாயிற்று. இன்னொரு துளி. அதுவும் மஞ்சள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் வகுப்பில் பாடம் ஒப்பிப்பவன் மாதிரி நிமிர்ந்து நின்றேன். "மஞ்சள் மேல சவுக்காரம் பட்டா இப்பிடிச் சிவக்கும். அவ்வளவுதான் சங்கதி."

"மஞ்சளா?" என்றார் மதாம்.

"மஞ்சள்தான்."

"மஞ்சளா!" அவர் எழுந்தேவிட்டார். "ரத்தம்னாகூட பொம்பள சமாசாரம், தெரியாம பட்டுடுச்சின்னு வாய மூடிக்குவேன். வேதக்காரங்க கல்யாண ரோப்புல அஞ்ஞானிங்க மாரி மஞ்சளா வெப்பீங்க? நாங்க சைகோன்ல எப்பிடி இருந்தவங்க தெரியுமா? என் வூட்டுல இந்தப் பழக்கமெல்லாம் எந்தக் காலத்துலயும் கெடையாது. இப்பிடியாப்பட்ட எடத்துல என் புள்ளைய எப்பிடிக் குடுப்பேன்?"

ஒரு பொய்க் குற்றத்தை உடைத்து அதைவிடப் பெரிய உண்மைக் குற்றத்தை நானே நிரூபித்துக் கொடுத்திருந்தேன். இப்படிப்பட்டவர்களிடம் உண்மையை எடுத்துக்கொண்டு போனால் இதுதான் கதி. எங்கள் அப்பா கும்பிட்டார். அம்மா, "தெரியாம வெச்சிட்டேன் மதாம், புள்ள நல்லா இருக்கணும்னுதான்" என்று அழுதார். மதாம் பெட்டியை மூடு என்றார். வண்டிக்காரனைக் கூப்பிடு என்றார். மகனிடம் இன்றே பேசிவிடுகிறேன் என்றார்.

இவ்வளவு கூச்சலுக்கும் நடுவில் தங்கை எப்போது வந்தாளென்று நான் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு, கவுனின் அடிமடிப்பை விரலால் புரட்டிப் புரட்டி, கறை இருக்கிற இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து, சுற்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுபக்கத் தையலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அத்தை" என்றாள். அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இது யாரு வெச்சது?"

குனிந்து பார்த்தோம். உள்மடிப்பில், தையலுக்குக் கீழே, இன்னொரு சின்னச் சிலுவை. பழைய மஞ்சள், விளிம்பு மட்டும் சற்றே வெளுத்திருந்தது. வருஷக்கணக்காகக் கறுப்புக் காகிதத்தில், வெயிலே காணாமல், பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. துருவென்றோ எண்ணெயென்றோ சொல்ல முடியாத சுத்தமான சிலுவை.

கவுன் புதிதாக வந்து இறங்கிய வீடு மதாமின் வீடு. அதை உடுத்திய ஒரே பெண் மதாமின் பெண். எங்கள் வீட்டுக்கு வருமுன் வேறு யார் வீட்டு வாசலையும் அது மிதித்ததில்லை.

மதாமின் கண்ணாடி மூக்கில் இறங்கியது. "இது... எங்க மாமியாரு வெச்சிருப்பாங்க. அவங்களுக்குக் கொஞ்சம் பழைய புத்தி" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, வஞ்சகமில்லாமல் கேட்டார்: "அவங்க உங்க கல்யாணத்துக்கு முன்னயே தவறிட்டாங்கன்னு ஞாயித்துக்கிழமை சொன்னீங்களே?"

செத்துப்போன மாமியாரைக் கல்லறையிலிருந்து எழுப்பி மஞ்சள் அரைக்க வைத்ததை அதற்கு மேல் நடத்த முடியவில்லை. மதாம் உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன். "அப்ப அஞ்ஞானி யாரு மதாம்?" என்ற கேள்வி நுனிநாக்கில் வந்துவிட்டது. பிரெஞ்சிலும் தயாராக இருந்தது. தங்கை எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய மூடு."

"ஏண்டி? இப்ப விட்டா எப்ப? அந்தக் கவுன அது மூஞ்சியில வீசு. 'பொடவையில வரேன், புடிச்சா உன் புள்ள வரட்டும்'னு சொல்லு. நான் இருக்கேன்."

"உனக்கு ஜெயிக்கணும்" என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆவணும். அவங்க வெக்கப்பட்டது எனக்குப் போதும். நீ இன்னும் ஒரு வார்த்த பேசினா அது கோவமா மாறிடும். இங்கயே இரு."

எனக்கு அவள்மேல் வெறுப்பாக இருந்தது. இவ்வளவு நல்ல சந்தர்ப்பத்தை, இவ்வளவு கையும் களவுமான சந்தர்ப்பத்தை, ஒரு தொப்பித் தடவிக்காக விட்டுக்கொடுக்கிறாளே என்று. சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மதாமின் குரல் வந்தது. அந்தக் குரலில் இப்போது சைகோன் இல்லை.

"மூத்தவளுக்கு மொத மொத வந்த கோடி. வெறுமனே எப்பிடிப் போட்டு அனுப்பறது? மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம வெச்சேன்."

"அதானே!" என்றார் அம்மா. "மனசு எப்பிடிக் கேக்கும்?"

"அவருக்குத் தெரிஞ்சிருந்தா கொன்னே போட்டிருப்பாரு."

"என்னைய என் புள்ளையே கொன்னு போட்டுட்டான்" என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னை வைத்துத்தான்.

காப்பி போடச் சொன்னார்கள். அப்பா கடைக்கு ஓடி ரொட்டி வாங்கி வந்தார். இந்த முறை இன்றைய ரொட்டி, வாய்க்கு. அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டே இரண்டு தாய்மார்களும் கறையை ஆராய்ந்தார்கள். சிவப்பு முழுவதற்கும் எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து ஒற்ற வேண்டும், மஞ்சளாகிவிடும். மஞ்சளைப் போக்க உலகத்தில் வெயில் ஒன்றுதான். வெயில் சாட்டினை மக்கச் செய்யும் என்பதும் உண்மை. ஆகவே கறை இருக்கும் ஓரம் மட்டும் வெயிலில், மற்றதெல்லாம் துணிக்கு அடியில். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. எலுமிச்சையை முதலில் கொண்டுவந்தவன் நான் என்பதும் யாருக்கும் ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் எங்கள் கொல்லையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள். துவைத்த வேட்டியை விரித்து, கவுனைக் கிடத்தி, கறுப்புக் காகிதத்தாலும் ஜமுக்காளத்தாலும் போர்த்தி, அந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் சூரியனுக்குக் காட்டினார்கள். நோயாளியின் புண்ணுக்கு மருந்து போட்டு வைத்தது மாதிரி இருந்தது. காய்ந்ததும் அம்மா திரும்பவும் ஈரத்துணியால் ஒற்றுவார். மதாம் குனிந்து பார்த்து, "எறங்குது, எறங்குது" என்பார். எங்கள் உரலைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் கைக்குட்டையை விரித்து, குதிகால் வைத்த சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியது. ஜாக்கெட்டின் கழுத்துப் பித்தானைக்கூடக் கழற்றிவிட்டிருந்தார். இடதுபக்கத் தையலில் இருந்த பழைய சிலுவையை வெயிலுக்குக் காட்டலாமா என்று அம்மா கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கெடக்கட்டும், எளையவளுக்கும் ஆவும்" என்றார்.

தங்கை கதவருகே நின்று, முக்காட்டு வலையை மடிக்காமல் சுருட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை வெளிச்சம் வர்றதுக்குள்ள வண்டி அனுப்பறேன்" என்றார் மதாம் அவளிடம். "ரெண்டு வண்டி வேணாம், ஒண்ணுலயே வந்துடலாம். அவன் கோயில் வாசல்லயே நிப்பான்."

அவள் "சரிங்க அத்தை" என்றாள். அந்தக் குரலைக் கேட்டேன். ஒரு மூட்டையை இறக்கி வைத்தவளின் குரல். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன். ஒரு பொய்க்காரியும் ஒரு பயந்தாங்கொள்ளியும் கொல்லையில் உட்கார்ந்து ஒரு துணிக்குச் சிசுருஷை பண்ணுகிறார்கள், அதில் என் தங்கையின் வாழ்வு தீர்மானமாகிறது, அதற்கு எல்லோருக்கும் சந்தோஷம். இதைவிட இழிவாக ஒரு காரியம் சுபமாக முடியுமா என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முருங்கை மரத்தில் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, கட்டிலை ஒரு கண்ணால் பார்த்தது. இன்னொன்றும் வந்தது. மதாம் உரலிலிருந்து கையை ஆட்டினார்.

"ஏ முசியே! அங்க என்னா நின்னுக்கினு பாக்கறீங்க? மேல எச்சம் வுட்டுதுன்னா அவ்வளவுதான். ஒரு கழி எடுத்துக்கினு வாங்க."

போய் எடுத்து வந்தேன்.